கொம்பு ஏன் முதலில் வருகிறது?

அன்புள்ள தம்பிக்கு,

நாளை மறுநாள் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறோம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் உன் மருமகனுக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு, அவன் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள், கூடுதலாக ஒரு மணி நேரம். விலக்குக் கேட்பது தமிழுக்கு. தமிழய்யா வீட்டுப் பேரன் தமிழுக்கா விலக்குக் கேட்பது என்று அழுதவர்களும் உண்டு. யாரென்று உனக்குத் தெரியும். அவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் இத்தோடு விடுகிறேன்.

எனக்குத் திரும்பத் திரும்ப வருவது அந்த மின்வெட்டு இரவுதான். சிம்னி விளக்கு, உன் நான்காம் வகுப்புக் கோடு போட்ட நோட்டு, என் கையில் மர அடிக்குச்சி. சொல்வதெழுதுதல். 'கோழி' என்றேன். நீ முதலில் ககரத்தை எழுதினாய். அதற்குப் பின்னால் இரட்டைக் கொம்பு, பிறகு கால். அழித்துவிட்டு எழுதச் சொன்னேன். மறுபடியும் அப்படியே. மூன்றாம் முறை பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாய்: "அக்கா, வாயில் க் சத்தம்தானே முதலில் வருகிறது? எழுதும்போது மட்டும் கொம்பு ஏன் முதலில் வருகிறது?"

விரல் முட்டியில் அடித்தேன். எதிர்த்துப் பேசுகிறாயா என்று கேட்டுக்கொண்டே இன்னொன்று. நீ அழவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்பா திண்ணையில்தான் இருந்தார்.

எத்தனை நல்ல கேள்வி அது! 247 எழுத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பித்த எனக்கு அப்படி ஒரு சந்தேகம் வந்ததே இல்லை.

மன்னித்துவிடு. எனக்கும் அப்போது பதினான்கு வயதுதான். நீ பிழை விட்டால் வசவு எனக்கு. ஒரு பிள்ளையின் படிப்பை இன்னொரு பிள்ளையின் தலையில் கட்டியவர்களை நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர்கள் முன்னால் கைகட்டி நின்றாய். முகத்தைத் திருப்பிக்கொண்டது என்னிடம் மட்டும்தான். அது என்ன நியாயம்?

ஆனால் அந்த அடிக்காக மட்டும் இதை எழுதவில்லை. என் மகன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது நீ போனில் சொன்னாய், "அக்கா, இவன் என்னைப் போலத்தான் எழுதுகிறான்" என்று. "என் பிள்ளையை உன்னோடு சேர்க்காதே" என்றேன். அதைச் சொன்ன வாய் இதே வாய்தான். அதன்பின் ஏழு வருடம். இரண்டு டியூஷன், ஒவ்வொரு பிழைக்கும் ஐம்பது முறை எழுதுதல், பரீட்சை நாள் காலையில் இவன் வாந்தி எடுப்பது. நீ ஒரே ஒரு முறைதான் சொன்னாய், தம்பி. இன்னொரு முறை சொல்லியிருக்கலாமே. மடியில் உட்கார வைத்துக் காதுகுத்திய தாய்மாமன், அக்கா ஒரு சொல் சொல்லிவிட்டாள் என்று வாசல் மிதிக்காமல் இருப்பானா?

சோதித்துப் பார்த்த உளவியலாளர் அம்மா, அறிவுத்திறனில் இவனுக்கு எந்தக் குறையும் இல்லை, எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் வேலைதான் கடினமாக இருக்கிறது என்றார். டிஸ்லெக்சியா. நீ படித்த காலத்து 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு குறைபாடுகள்தான், இது அதில் இல்லை. 2016 சட்டம் சொல்லும் 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. ஆனால் 1896லேயே பிரிங்கிள் மார்கன் என்ற இங்கிலாந்து மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதிவிட்டார். பெர்சி என்ற தன் பெயரையே எழுத்து மாற்றிப் 'பிரெசி' என்று எழுதினானாம். பாடம் முழுவதும் வாய்மொழியாக இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்றாராம் அவனுடைய ஆசிரியர். அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. நம் வீட்டுத் திண்ணைக்கு அந்தச் செய்தி வந்து சேர நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வேறு ஏதாவது பெரிய திறமை இருக்கும் என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். உன்னையே உதாரணம் காட்டுகிறார்கள்: மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே உள்ளே எந்தக் காயில், அதாவது எந்தக் கம்பிச்சுருள், போயிற்று என்று சொல்லிவிடுவானே என்று. எனக்கு இது பிடிக்கவில்லை. காயில் கட்டத் தெரியாமல் போயிருந்தால் உன்னை அடித்தது சரியாகிவிடுமா? இவனுக்கு அப்படி ஒரு திறமையும் இதுவரை தெரியவில்லை. சாயங்காலம் பந்து விளையாடுகிறான், தோசை கேட்கிறான், தங்கையோடு சண்டை போடுகிறான். எனக்கு அது போதும். டியூஷனை நிறுத்திவிட்டேன். போன வாரப் பரீட்சையன்று காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனான்.

மாமா எந்தப் பாடத்தில் தவறினார் என்று நேற்று கேட்டான். சொன்னேன். உன் போன் நம்பர் கேட்டான். கொடுத்துவிட்டேன்.

இதை வாசித்துக் குரல் பதிவாகவும் அனுப்புகிறேன். வேறு யாரையும் படித்துக் காட்டச் சொல்லாதே. கடையில் மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்து நீயே கேள்.

அக்கா