கேடயம் ஏந்தி ஓடினாலும் அது ஓட்டம்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழங்கால கிரேக்கர்களுக்கு விளையாட்டு என்றாலே போர்ப் பயிற்சிதான் என்று உங்கள் ஞாயிறு இதழ்க் கட்டுரை சொல்கிறது. பாலக்கோடு பக்கத்து அரசுப் பள்ளிகளில் 31 வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

தொடர்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஈட்டி எறிதல், மல்யுத்தம், தேரோட்டம் எல்லாம் போர்க்களத்தை ஒட்டியவைதான். ஆனால் தலைக்கவசமும் கேடயமும் தாங்கி ஓடும் போட்டியை, அந்தக் கால ஒலிம்பிக் நடந்த ஒலிம்பியாவில் சேர்த்ததே கி.மு. 520இல்தான். முதல் ஒலிம்பிக் கி.மு. 776 என்பது கணக்கு. அப்போது இருந்தது சுமார் 192 மீட்டர் வெறும் ஓட்டம் மட்டும். போருக்காகத்தான் விளையாட்டு என்றால் 250 வருடம் எதற்குக் காத்திருந்தார்கள்?

போரையே பாடிய, கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டாவின் கவிஞர் டிர்டேயஸ், ஓட்டத்திலும் மல்யுத்தத்திலும் கெட்டிக்காரன் என்பதற்காக மட்டும் ஒருவனைப் பாட மாட்டேன் என்றார். ஓட்டக்காரன் வேறு, போர்வீரன் வேறு என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. கி.மு. 420இல், போட்டிக்கான அமைதிக் காலத்தில் படை அனுப்பினார்கள் என்று அதே ஸ்பார்ட்டாக்காரர்களை ஒலிம்பியாவில் சேர்க்காமல் விட்டார்கள். அந்தக் கேடய ஓட்டத்துக்கென்று அங்கே இருந்த ஜீயஸ் கடவுளின் கோயிலில் 25 வெண்கலக் கேடயங்கள் இருந்ததாக, நேரில் பார்த்த கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசேனியஸ் எழுதியிருக்கிறார். போருக்கான பொருளைக் கோயிலில் வைத்து, ஓடுவதற்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது நிறைந்துவிடும்.

மாணவர்களைத் தருமபுரி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய் நடுகற்களைக் காட்டுவேன். ஆநிரை மீட்கப் போய் உயிர்விட்டவனுக்கு நம்மவர்கள் கல் நட்டார்கள். ஒலிம்பியாவில் சிலை வைத்தது, ஜெயித்து உயிரோடு வீடு திரும்பியவனுக்கு. இரண்டும் மரியாதைதான், ஆனால் ஒன்றல்ல.

இதை ஏன் இவ்வளவு தூரம் சொல்கிறேன் என்றால், இங்கே விடியற்காலையில் மைதானத்துக்கு வரும் பையன்களில் பாதிப்பேர் ஆர்மி, போலீஸ் செலக்‌ஷனுக்காக ஓடுகிறவர்கள். ஓடட்டும், நல்லதுதான். ஆனால் 1,500 மீட்டரில் அவ்வளவு அழகாக ஓடும் என் மாணவன் ஒருவன், உயரம் போதவில்லை என்று செலக்‌ஷனில் திரும்பி வந்தான். அப்புறம் மைதானத்தை எட்டிப் பார்க்கவே இல்லை. கடைத்தெருவில் பார்த்துக் கேட்டேன். "இனிமே எதுக்கு சார் ஓடணும்?" என்றான்.

உங்கள் இதழைப் பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அடுத்த முறை அந்த 192 மீட்டர் வெறும் ஓட்டத்தைப் பற்றியும் நாலு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.