பத்தொன்பது முடிவதற்குள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நீர்கொழும்பில் தங்கியிருக்கும், தங்களை முஸ்லிம்களாகவே கருதும் அகமதியா என்ற சிறுபான்மைப் பிரிவைச் சேர்ந்த பாகிஸ்தான் குடும்பத்தைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பாகிஸ்தானில் 1974இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, அகமதியாக்கள் முஸ்லிம்களே அல்ல என்றார்கள். 1984இல், தொழும் இடத்தைப் பள்ளிவாசல் என்று அழைத்தாலே மூன்றாண்டு வரை சிறை என்று ஆணை வந்தது. உயிருக்கு அஞ்சி இலங்கைக்கு வந்தவர்களை, 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, அதில் எள்ளளவும் தொடர்பில்லாதவர்களை, குடியிருந்த வீடுகளிலிருந்தும் துரத்தினார்கள். குழந்தை குட்டிகளோடு காவல் நிலையத்தில் படுத்துக் கிடந்தவர்கள் உண்டு. இலங்கையும் சரி, நம் நாடும் சரி, 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. வேறொரு நாடு அழைக்கும்வரை அவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஆனால், வெளிநாட்டில் இருக்கும் உறவோடு போய்ச் சேர்வது அந்த நாட்டின் கருணை என்று கட்டுரையாளர் எழுதியதை நான் ஏற்கவில்லை. புதுச்சேரியில் இருபது ஆண்டுகளாகச் சான்றிதழ்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக் கொடுத்து வருகிறேன். பிரான்சில் அகதித் தகுதி பெற்றவர் மனைவி மக்களை வரவழைத்துக்கொள்வது, சட்டம் தரும் உரிமை. சம்பளம் எவ்வளவு, வீடு எத்தனை அறை என்றெல்லாம் கேட்பதில்லை. உறவுக்கு ஆதாரம் வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் பிள்ளை 19ஆம் பிறந்தநாளைக் கடந்திருக்கக் கூடாது.

அந்த ஆதாரத்துக்குத்தான் படாத பாடு. கடலூர் மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஓர் அம்மா என்னிடம் வருகிறார். மஞ்சள் பைக்குள், மழைக்கு நனையாமல் பாலிதீன் உறையில் சுற்றிய காகிதங்கள். பிரான்சில் இருக்கும் கணவரின் பெயர் மூன்று தாளில் மூன்று விதம். பிரான்சிலிருந்து வந்த தாளில் அவருடைய தந்தை பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. முகாம் பதிவில் அதுவே வெறும் தலைப்பெழுத்து. மகனின் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது. திருத்தம் கேட்டு ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்துப் பதினொரு மாதம் ஆகிறது. முகாமில் பிறந்த அந்தப் பையனுக்குச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் குடியுரிமையைப் பதிந்தால்தான் பாஸ்போர்ட் கிடைக்கும். அதற்கும் இந்தத் திருத்தம் வந்தாக வேண்டும்.

அகதிகள் முகாம் என்ற பெயரைத் தமிழக அரசு 2021இல் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியபோது நெஞ்சு குளிர்ந்தது. அதே அக்கறையோடு, பெயர்த் திருத்தத்துக்கும் பிறப்புச் சான்றுக்கும் அதிகாரிகள் முகாமுக்கே சென்று அங்கேயே முடித்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பட்டாவுக்கு ஊர் ஊராகச் சிறப்பு முகாம் நடத்துகிறவர்களால் இது முடியாததல்ல.

போன வாரம் அந்த அம்மா மகனையும் அழைத்து வந்தார். அப்பா புறப்பட்டபோது நான்காம் வகுப்பில் இருந்தவன். இப்போது என் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் நுழைகிறான். வரும் தை மாதம் அவனுக்கு 19 முடிகிறது.

– ஒரு வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.