சரிவு எல்லோருக்கும் ஒன்றல்ல: ஓய்வுக்காலச் சேமிப்பு குறித்து ஆசிரியருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குச் சந்தை தொடர்ந்து சரிந்துவரும் இந்த வாரங்களில் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தை வரி விடாமல் படித்து வருகிறேன். முதல் பக்கத்தில் முதலீட்டாளர்களின் செல்வம் ஒரே நாளில் எவ்வளவு கரைந்தது என்ற தலைப்பும், உள்பக்கத்தில் பதற்றம் வேண்டாம், நீண்ட கால நோக்கில் சந்தை எப்போதும் மீண்டுவிடும் என்ற வல்லுநர்களின் ஆறுதலும் நாள்தோறும் இடம்பெறுகின்றன. இவை யாரை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன என்பது மட்டும் எங்கும் சொல்லப்படுவதில்லை. முப்பது வயதில் மாதந்தோறும் சிறுதொகை சேமிப்பவருக்கும், இன்னும் இரண்டே ஆண்டுகளில் ஓய்வு பெறவிருப்பவருக்கும், ஓய்வு பெற்றுச் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கத் தொடங்கிவிட்டவருக்கும் இந்தச் சரிவின் பொருள் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைத் தங்கள் நாளிதழ் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இளம் வயதினரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வேலையும் வருமானமும் இருக்கும்வரை, விலை குறைந்த மாதத்தில் அதே தொகைக்கு அவர்களுக்குக் கூடுதல் யூனிட்டுகள், அதாவது முதலீட்டு நிதியின் கூறுகள், கிடைக்கின்றன. காலம் அவர்கள் பக்கம் இருக்கிறது. பொறுத்திருங்கள் என்னும் அறிவுரை அவர்களுக்கு முற்றிலும் பொருந்தும். வாங்குவதை நிறுத்தி, விற்றுச் சாப்பிட வேண்டிய நிலைக்கு வந்துவிட்டவர்களிடம் அதே அறிவுரையைச் சொல்லும்போதுதான் கணக்கு இடிக்கிறது.

பணிக்காலம் முழுவதையும் கணக்குப் பிரிவில் கழித்தவன் என்ற முறையில் அந்தக் கணக்கைத் தங்கள் வாசகர்கள்முன் வைக்க விரும்புகிறேன். ஓய்வு பெறும் நாளில் இருவரிடம் தலா 100 இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவரும் ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 6 எடுத்துச் செலவழிக்கிறார்கள். முதலாமவரின் முதலீடு ஐந்து ஆண்டுகளில் முறையே 25 சதவீதம் இறங்கி, 10 சதவீதம் இறங்கி, பிறகு 10, 20, 25 சதவீதம் என ஏறுகிறது. இரண்டாமவருக்கும் இதே ஐந்து எண்கள்தாம். ஆனால் வரிசை தலைகீழ்: முதலில் மூன்று ஏற்றங்கள், கடைசியில் இரண்டு இறக்கங்கள். இருவரும் பணத்தைத் தொடாமல் விட்டிருந்தால் ஐந்தாம் ஆண்டின் முடிவில் இருவரிடமும் ஒரே தொகை, அதாவது 111-க்குச் சற்று மேல், இருந்திருக்கும். எடுத்துச் செலவழித்ததால் முதலாமவரிடம் 69-உம் இரண்டாமவரிடம் 86-உம் மிஞ்சுகின்றன. இடைவெளி ஏறக்குறைய மூன்று ஆண்டுச் செலவுக்கான பணம். இருவரும் ஒரே அளவு சேமித்தார்கள், ஒரே அளவு செலவழித்தார்கள், சந்தையும் இருவருக்கும் ஒரே சராசரியைத்தான் தந்தது. சரிவு முதலில் வந்ததா, பிறகு வந்ததா என்பது ஒன்றே வேறுபாடு.

இதற்குக் காரணம் எளியது. சந்தை இறங்கிய ஆண்டில் செலவுக்காக விற்கப்பட்ட யூனிட்டுகள், சந்தை மீண்டும் ஏறும்போது நம் கையில் இருப்பதில்லை. சந்தையின் மொத்தப் போக்கைக் காட்டும் குறியீட்டெண் பழைய உயரத்தைத் தொட்டுவிட்டது என்று செய்தி வரும் நாளிலும், இடையில் விற்றுச் செலவழித்தவரின் கணக்கு பழைய உயரத்தைத் தொடாது. ஆகவே, ஓய்வுக்கு முந்தைய சில ஆண்டுகளும் பிந்தைய சில ஆண்டுகளும்தான் ஒரு மனிதரின் சேமிப்பு வாழ்க்கையில் மிகவும் பலவீனமான காலம். அந்தக் காலத்தில் இருப்பவர் கவலைப்படுகிறார் என்றால், அவருக்குச் சந்தையைப் பற்றித் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பல நேரங்களில் ஆறுதல் சொல்பவரைவிட அவருக்குத் தம் நிலைமை நன்றாகவே தெரிகிறது.

சந்தை எப்போதும் மீண்டுவிடும் என்ற கூற்றையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 2020 பிப்ரவரி 19 முதல் மார்ச் 23 வரை அமெரிக்காவின் எஸ் அண்டு பி 500 குறியீடு ஏறத்தாழ 34 சதவீதம் சரிந்தது. அந்த ஆகஸ்டிலேயே பழைய உச்சத்தைக் கடந்துவிட்டது. இந்த ஒரு நினைவுதான் இன்று பலருக்கும் தைரியம் தருகிறது. ஆனால் அதே குறியீடு 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை ஏறத்தாழ 57 சதவீதம் இழந்தபோது, உச்சத்தை மீண்டும் தொட 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 57 சதவீதம் இழந்த தொகை பழைய நிலைக்குத் திரும்ப 130 சதவீதத்துக்கும் மேல் வளர வேண்டும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1929 செப்டம்பரில் 381-ஐத் தொட்ட அமெரிக்காவின் மற்றொரு குறியீடான டவ் ஜோன்ஸ், 1932 ஜூலையில் 41-க்கு வந்து, பழைய உயரத்தை 1954-இல்தான் எட்டியது. நிறுவனங்கள் பங்குதாரர்களுக்குத் தரும் ஈவுத்தொகையையும் அக்காலத்தில் விலைவாசி இறங்கியதையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் காத்திருப்பு கணிசமாகக் குறையும் என்றாலும், அது குறுகிய காலம் அல்ல. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989-ஆம் ஆண்டின் கடைசி வணிக நாளில் 38,915-இல் முடிந்தது. அந்த எண்ணை அது தாண்டியது 2024 பிப்ரவரியில். அறுபது வயதில் 1989-இன் உச்சத்தில் ஓய்வு பெற்ற ஒருவருக்கு அப்போது தொண்ணூற்று நான்கு வயது ஆகியிருக்கும்.

யாரையும் அச்சுறுத்துவதற்காக இவற்றை எடுத்துக்காட்டவில்லை. பெரும்பாலான சரிவுகள் இவ்வளவு நீளவில்லை. இதுவும் சில மாதங்களில் முடியக்கூடும். எவ்வளவு காலம் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது என்பதால்தான், மீளும்வரை எதை வைத்துச் சாப்பிடுவது என்ற கேள்விக்கு ஒவ்வொருவரிடமும் தனியே ஒரு பதில் இருக்க வேண்டும் என்கிறேன்.

என்னோடு ஒரே பிரிவில் பணியாற்றிய ஒருவரின் நிலையை, அவருடைய அனுமதியோடு சொல்கிறேன். ஓய்வுபெற்றபோது கிடைத்த தொகை முழுவதையும் பங்குசார்ந்த நிதிகளில் போட்டிருந்தார். நல்ல நிதிகள்தாம், தேர்வில் குறை சொல்ல ஏதுமில்லை. 2020 மார்ச்சில் காலையில் எழுந்ததும் கைப்பேசியில் இருப்பைப் பார்ப்பார்; சந்தை முடியும் நேரத்தில் மறுபடி பார்ப்பார்; முந்தைய நாளின் எண்ணை ஒரு நாட்குறிப்பில் எழுதிவைத்து, பக்கத்திலேயே கழித்துப் பார்ப்பார். அந்த மாதத்தின் நான்காம் வாரத்தில் எல்லாவற்றையும் விற்றுவிட்டார். அவர் பயந்து விற்றார் என்று நண்பர்கள் பேசிக்கொண்டார்கள். அவரோடு உட்கார்ந்து அந்த நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. அடுத்த மூன்று மாத வீட்டுச் செலவுக்கும், துணைவியாரின் அறுவை சிகிச்சைக்கும் தேவையான பணம் அந்த நிதிகளைத் தவிர வேறு எங்கும் இல்லை. ஒவ்வொரு நாள் காத்திருப்பும் சிகிச்சைப் பணத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. ஒரு பகுதியை எப்படியும் விற்றாக வேண்டிய நிலையில் இருந்தவர், மீதியும் கரைவதைப் பார்க்கும் திடமின்றி முழுவதையும் விற்றார். மார்ச் 24 அன்று டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 11 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 1933-க்குப் பிறகு அதன் மிகப் பெரிய ஒருநாள் ஏற்றம் அது. உலகச் சந்தைகள் பலவும் திரும்பத் தொடங்கிய அந்த நாள்களில் அவருடைய பணம் வங்கிக் கணக்கில் இருந்தது. மறுபடி உள்ளே நுழைய அவருக்கு மனம் வரவேயில்லை.

பதற்றப்படாதீர்கள் என்று அவரிடம் ஆயிரம் முறை சொல்லியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. இரண்டு ஆண்டுச் செலவுப் பணம் வைப்புத்தொகையாகத் தனியே இருந்திருந்தால், அவரே அமைதியாக இருந்திருப்பார். மன உறுதி என்று நாம் புகழ்வது பெரும்பாலும் கையிருப்பின் மறுபெயராகத்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். இழப்பின் வலி அதே அளவு ஆதாயத்தின் மகிழ்ச்சியைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு கனமாக மனிதருக்குத் தோன்றுகிறது என்பதை உளவியலாளர்களான டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் தம் ஆய்வுகளில் காட்டினார்கள். கானமன் 2002-இல் நோபல் பரிசும் பெற்றார். எத்தனை முறை பார்க்கிறோமோ அத்தனை முறை அந்த வலி புதிதாகப் பிறக்கிறது. நாளுக்கு இருமுறை பார்க்கும் பழக்கத்தை விட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்று வைத்துக்கொள்வதே ஓய்வுபெற்றவருக்கு ஒரு பாதுகாப்பு. ஆனால் அதற்கும் முதலில் செலவுக்குப் பணம் வெளியே இருந்தாக வேண்டும்.

அடுத்த மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தேவைப்படும் பணம் பங்குகளில் இருக்கலாகாது என்பதே நான் சரியென்று நம்பும் விதி. ஓய்வூதியமோ வேறு நிலையான வருமானமோ இருந்தால் அதைக் கழித்துவிட்டு எஞ்சும் தேவைக்கு மட்டும் இந்த ஏற்பாடு போதும். இந்தப் பணத்தை நீண்ட காலக் கடன் பத்திர நிதிகளில் வைத்துவிட்டுப் பாதுகாப்பாக இருக்கிறது என்று எண்ணுவதும் சரியல்ல. வட்டி விகிதம் உயரும்போது பழைய கடன் பத்திரங்களின் விலை இறங்கும். 2022-இல் பல நாடுகளில் பங்குகளும் பத்திரங்களும் சேர்ந்தே சரிந்தன. குறுகிய கால வைப்புத்தொகையும், அதுபோல் அசல் ஆடாதவையுமே இதற்கு ஏற்றவை. சரிவுக் காலத்தில் எடுக்கும் தொகையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதும், தள்ளிப்போடக்கூடிய பெரிய செலவுகளைத் தள்ளிப்போடுவதும், முடிந்தவர்கள் ஓய்வை ஓராண்டு ஒத்திவைப்பதும் கணக்கில் நாம் நினைப்பதைவிடப் பெரிய மாற்றத்தை உண்டாக்கும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் முதலாமவர் முதல் இரண்டு ஆண்டுகள் 6-க்குப் பதில் 4 எடுத்திருந்தால், ஐந்தாம் ஆண்டு முடிவில் அவரிடம் 69-க்குப் பதில் 75 இருந்திருக்கும்.

எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. முதல் ஆண்டில் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப உயர்த்திக்கொண்டே போனால் பணம் முப்பது ஆண்டுகள் தாங்கும் என்று அமெரிக்கச் சந்தையின் வரலாற்றைக் கொண்டு அவர் காட்டினார். அதை அப்படியே எல்லா நாடுகளுக்கும் பொருத்துவது தவறு. பணவீக்கமும் வட்டியும் நாட்டுக்கு நாடு வேறு. ஆனால் அவர் பயன்படுத்திய முறையில் ஒரு நேர்மை இருக்கிறது: சராசரி ஆண்டை எடுத்துக்கொள்ளாமல், மிக மோசமான தருணத்தில் ஓய்வு பெற்றவரால் தாக்குப்பிடிக்க முடியுமா என்று கேட்டார். நம் வணிகப் பக்கங்களில் வரும் ஓய்வுக்காலத் திட்ட அட்டவணைகளில் ஆண்டுதோறும் ஒரே சீரான வளர்ச்சியை வைத்துக் கணக்குப் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் கேள்வியை ஏன் யாரும் கேட்பதில்லை என்று வருந்துகிறேன்.

பயந்துபோய் எல்லாவற்றையும் வைப்புத்தொகைக்கு மாற்றிவிடுவதும் தீர்வாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கு 6 சதவீதம் விலைவாசி ஏறினால், இன்று 100-க்கு வாங்கும் பொருளுக்கு இருபது ஆண்டுகளில் 320 கொடுக்க வேண்டியிருக்கும். அறுபதில் ஓய்வு பெறுபவர் எண்பதிலும் வாழவேண்டும். ஆகவே சேமிப்பின் ஒரு பகுதி வளர்ந்துகொண்டேதான் இருக்க வேண்டும். உடனடித் தேவைக்கான பணம் தனியே இருந்தால், அந்தப் பகுதியைச் சரிவில் தொடாமல் விட்டுவைக்க முடியும்.

இத்தகைய பருவத்தில்தான், அசலுக்கு உத்தரவாதம், மாதந்தோறும் உறுதியான வருமானம் என்று சொல்லி முகவர்கள் வீடு தேடி வருகிறார்கள். எல்லாத் திட்டங்களும் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பத்து ஆண்டுகளுக்குப் பணத்தை எடுக்க முடியாத ஒரு திட்டத்தில் எழுபது வயதுக்காரர் அச்சத்தின் பேரில் கையெழுத்திடுவது சரிவைவிடப் பெரிய இழப்பாக முடியலாம். இடையில் எடுத்தால் என்ன கிடைக்கும், தரகு எவ்வளவு என்னும் இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் எதிலும் இறங்கலாகாது.

சாதாரணக் குடும்பங்கள் ஏன் சந்தையைப் பார்த்துக் கலங்கும் நிலைக்கு வந்தன என்பதையும் மறந்துவிடக் கூடாது. முன்பு பல நாடுகளில் ஓய்வூதியம் இவ்வளவு என்று வேலை கொடுத்தவரோ அரசோ உறுதி கூறினார்கள். சந்தையின் ஏற்ற இறக்கம் அவர்களின் பொறுப்பு. சிலி 1981-இல் தனிநபர் கணக்கு முறைக்கு மாறியது; அதன்பின் வேறு பல நாடுகளும் வெவ்வேறு அளவில் அந்த வழியில் சென்றன. பங்களிப்பு மட்டுமே உறுதி, ஓய்வூதியம் சந்தையைப் பொறுத்தது என்ற ஏற்பாட்டில் ஆபத்து முழுவதும் ஊழியரின் தோளுக்கு மாறிவிட்டது. அதே சிலி 2002-இல் பங்குகளின் அளவு கூடியும் குறைந்தும் இருக்கும் ஐந்து வகை நிதிகளை ஏற்படுத்தி, வயது கூடக்கூடப் பங்குகளின் அளவு குறையும்படி விதி வகுத்தது. சுமையை மக்கள்மேல் ஏற்றும் எந்த அரசும் குறைந்தபட்சம் இந்த அளவு பாதுகாப்பையாவது சேர்த்தே தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இறுதியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். சரிவுச் செய்தியை வெளியிடும் நாளில், குறியீட்டெண் இப்போது எந்த ஆண்டின் நிலைக்குத் திரும்பியிருக்கிறது என்பதையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிடுங்கள். ஒரே நாளில் கரைந்த தொகையைவிட அது வாசகருக்கு உண்மை நிலையைத் தெளிவாகக் காட்டும். வல்லுநர்களிடம் கருத்துக் கேட்கும்போது, ஓய்வுபெற்று மூன்றாண்டுக்குள் இருக்கும் ஒருவர் இந்த மாதச் செலவுக்கு எதை விற்க வேண்டும் என்று நேரடியாகக் கேட்டு, அவர்கள் பெயரோடு பதிலை அச்சிடுங்கள். வாரம் ஒரு முறையாவது அத்தகைய வாசகர்களின் கேள்விகளுக்கு இடம் ஒதுக்க முடியுமானால், கணக்குகளைச் சரிபார்த்துத் தரும் பணியை ஊதியமின்றிச் செய்யத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
ஓய்வுபெற்ற கணக்கு அலுவலர்