இரவு இரண்டு மணிக்கும் விழித்திருந்தவர்களுக்கு

அன்புள்ள அக்காமார்களுக்கும் தங்கைமார்களுக்கும்,

நேற்று மாலை எங்கள் அத்தை கூடத்திலிருந்து திண்ணை வரை நடந்து வந்தார். இடக்கையில் நான்குகால் ஊன்றுகோல். வலப்பக்கம் பேத்தி அணைத்துப் பிடித்திருந்தாள். பதினெட்டு அடி தூரத்துக்கு ஏழு நிமிடம் ஆனது. உட்கார்ந்ததும் தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டு வேப்பமரத்தில் தாழ்ந்திருந்த பெரிய கிளையை யாரோ வெட்டியிருந்தார்கள். அதைக் காட்டி, "யாரு? யாரு?" என்று அதட்டினார். எட்டு மாதங்களுக்குப் பிறகு தெரு விவகாரத்தில் அவருக்கு வந்த முதல் கோபம் அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே போய் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். அரிசி ஊறப்போடும் நேரம் தாண்டிவிட்டதால் அப்போது முடிக்க முடியவில்லை. இன்று முடித்துவிடுகிறேன்.

நம் போன் குழுவில் பாதிப் பேர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், டொராண்டோக் குளிரில் இட்லி மாவு பொங்கவில்லை என்று ஒருவர் கேட்கப்போய், ஓவனின் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை உள்ளே வைக்கும்படி இன்னொருவர் சொல்லப்போய்த் தொடங்கிய பழக்கம். பிறகு குக்கர் கேஸ்கெட், நாத்தனார் வீட்டு விசேஷம், பிள்ளைகளின் காய்ச்சல், மாதக் கடைசிக் கணக்கு என்று எல்லாவற்றையும் பேசினோம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், கணவர் குவைத்தில் இருக்க, மாமியாரோடும் மகளோடும் காலம் தள்ளுகிற எனக்கு அந்தப் பேச்சு பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனாலும், ஒருநாள் என் வீட்டு நடைக்குள்ளேயே வந்து நிற்பீர்கள் என்று நான் நினைத்ததில்லை.

ஐப்பசி அடைமழை. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, "பால் வந்ததா?" என்று கேட்ட அத்தை, ஐந்தரைக்குக் கொல்லைப்படியில் சரிந்து உட்கார்ந்திருந்தார். வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது. பித்த மயக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். சர்க்கரைத் தண்ணீர் கரைக்கப் போன கையோடு உங்களுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் மதுரை அக்கா கூப்பிட்டார். செவிலியர் அவர், இரவுப் பணி முடிகிற நேரம். சிரிக்கச் சொல், இரண்டு கையையும் தூக்கச் சொல், ஒரு வாக்கியம் பேசச் சொல் என்றார். மூன்றும் முடியவில்லை. அதன் பிறகு அவர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது: "இது பக்கவாதம். 108-ஐக் கூப்பிடு. வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாதே, விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போய்விடும். கடைசியாக எப்போது நன்றாகப் பேசினார் என்று மணியை எழுதி வைத்துக்கொள். ஸ்கேன் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்."

பால் கணக்கு அட்டையின் பின்பக்கத்தில் 5.00 என்று எழுதிக்கொண்டு வண்டியில் ஏறினேன். தஞ்சாவூர் 40 கிலோமீட்டர். அங்கே மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே அந்த மணிதான். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். ஸ்கேன் பார்த்து, ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, எட்டரை மணிக்குப் போட்டுவிட்டார்கள். வலக்கையும் வலக்காலும் பேச்சும் உடனே திரும்பவில்லை. உயிர் நின்றது. மதுரை அக்கா, உங்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வேன்? அந்தப் பால் அட்டையை நான் இன்னும் தூக்கிப்போடவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

காப்பீட்டு வேலை முழுக்கத் திருச்சித் தோழியுடையது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு என்று எனக்குக் கேள்விதான். எங்கள் அட்டை எங்கே கிடக்கிறது என்றே தெரியாது. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று என்று எதை எங்கே எடுத்துப் போக வேண்டும் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, என் மகள் அலைந்தாள். மருத்துவமனையில் இருந்த பதினோரு நாள் செலவுக்கு நகையை எடுக்காமல் தப்பினோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான பாடு தொடங்கியது. மூக்கில் குழாய், சிறுநீருக்குக் குழாய், படுத்த படுக்கை. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். உறவுக்காரர் ஒருவர் அத்தையின் காதுபடவே, "வயதாகிவிட்டது, இனி கஷ்டப்படுத்தாமல் போய்ச் சேர்ந்தால் போதும்" என்றார். அத்தையின் கண்ணோரம் ஈரமாகியதை நான் பார்த்தேன். பேச முடியாதவருக்குக் காது கேட்கும் என்பதை நாம் எத்தனை சுலபமாக மறந்துவிடுகிறோம்! அன்றைக்கே உங்களில் ஒருவர் சொன்னபடி, கட்டிலருகே மற்றவர்கள் அவரைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினேன். அவரிடமே பேசினேன்.

நான்காம் நாள் இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடிகிற இடத்தில் சிவப்பாக ஒரு வட்டம். பக்கத்து வீட்டில் தேங்காயெண்ணெய் வைத்து நன்றாகத் தேய்க்கச் சொன்னார்கள். மெல்பர்னில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் தங்கை, "தேய்க்காதீர்கள் அக்கா" என்று பதறினாள். விரலால் அழுத்தி எடுக்கும்போது அந்தச் சிவப்பு வெளுக்காமல் அப்படியே நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், தேய்த்தால் உள்ளே சதை இன்னும் சிதையும் என்று விளக்கினாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, முழங்கால்களுக்கு நடுவே தலையணை, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே மடித்த போர்வை, விரிப்பில் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிடுவது எல்லாம் அவள் கற்றுக்கொடுத்தவை. தன் மகனையே படுக்கவைத்துப் புரட்டிக் காணொளி எடுத்து அனுப்பினாள். இடுப்பை எங்கே பிடிக்க வேண்டும், தோளை எங்கே தாங்க வேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் பழகினேன். என் முதுகு பிழைத்ததும் அதனால்தான்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது பகலில் சுலபமாக நடந்துவிடும். இரவில் பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று அலாரம் வைத்து எழ வேண்டும். மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. அவளை எழுப்ப மனம் வரவில்லை. ஒரு வாரத்தில் எனக்குத் தலை சுற்றியது. ஒருநாள் இரண்டு மணி அலாரம் அடித்தது தெரியாமல் தூங்கிவிட்டேன் என்று அழுதுகொண்டே சொன்னேன். நீங்கள் எனக்குத் தெரியாமல் கூடிப் பேசியிருக்கிறீர்கள்.

மறுநாளிலிருந்து பன்னிரண்டு மணிக்கு ஷார்ஜா அக்கா கூப்பிட்டார். அங்கே இரவு பத்தரை, பாத்திரம் கழுவி முடித்த நேரம். இரண்டு மணிக்கு டொராண்டோத் தோழி. அங்கே பிற்பகல் மூன்றரை. பள்ளிக்கூட வாசலில் பனியில் நின்றுகொண்டு பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது என்னை எழுப்புவார். நான்கு மணிக்கு மெல்பர்ன் தங்கை. அங்கே காலை ஒன்பதரை, வேலையிடத்தில் தேநீர் நேரம். மூன்று கண்டங்களில் மூன்று பெண்கள் முறைவைத்துக்கொண்டு, கார்த்திகையிலிருந்து மாசி வரை ஓர் இரவுகூட விடாமல் எங்கள் அத்தையைப் புரட்டினார்கள் என்றுதான் நான் ஊரில் சொல்கிறேன். போனைத் தலையணை ஓரம் சாய்த்து வைத்துவிட்டுக் கைவேலையைச் செய்வேன். அவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். டொராண்டோத் தோழி வாங்கிய கத்திரிக்காய் விலை, ஷார்ஜா அக்கா வீட்டுக் குழாய்க் கசிவு. நோயைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். மார்கழியில் ஓர் இரவு, மூன்றாம் முறையாக விரிப்பு மாற்றிய பிறகு, அத்தையைப் பார்த்துக் கத்திவிட்டேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். இருபத்தொரு ஆண்டுகள் என்னோடு ஒரே அடுப்படியில் நின்றவர். என் பிரசவத்துக்கு நாற்பது நாள் பத்தியம் சமைத்தவர். வெட்கத்தில் யாரிடமும் சொல்ல முடியாமல் இரண்டு நாள் வைத்திருந்து உங்களிடம் சொன்னேன். ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. "அதனால் என்ன" என்று தட்டியும் விடவில்லை. திருநெல்வேலி அக்கா மட்டும், "நானும் கத்தியிருக்கிறேன் அம்மா. காலையில் போய் அவர் காலைப் பிடித்துவிடு. அவருக்குப் புரியும்" என்றார். விடிந்ததும் வெந்நீரில் துணியை நனைத்துக் கால்களைத் துடைத்துப் பிடித்துவிட்டேன். அத்தை இடக்கையால் என் தலையைத் தொட்டார்.

அதே திருநெல்வேலி அக்காவால்தான் பேச்சும் வந்தது. அவருடைய கணவருக்கும் ஆறு ஆண்டுகளுக்கு முன் இப்படித்தான் ஆனது. நினைத்ததைச் சொல்லும் பேச்சு போய்விட்டாலும், சின்ன வயதிலிருந்து வாய்க்குப் பழகிய வரிசைகள் பலருக்கு மிஞ்சியிருக்கும், எண்ணிக்கை, கிழமை, பாட்டு எதையாவது தொடங்கிக்கொடுத்துப் பார் என்றார். ஒன்று, இரண்டு சொன்னேன். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்திரை, வைகாசி சொன்னேன். அதற்கும் பதில் இல்லை. பத்து நாள் முயன்று சோர்ந்துவிட்டேன். அப்போது அக்கா கேட்டார்: "அந்தக் காலத்தில் அவர் என்ன வேலை பார்த்தார்?" மாமா இறந்த பிறகு இருபது ஆண்டுகள் களத்தில் நின்று நெல் அளந்தவர் என்றேன். "அப்படியானால் ஏன் 'ஒன்று' என்று தொடங்குகிறாய்?" என்றார் அக்கா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தை மாதம், சம்பா அறுவடை நேரம். பரண்மேல் கிடந்த, நெல் அளக்கும் பழைய மரக்காலை இறக்கித் துடைத்து, கட்டிலருகே முறத்தில் நெல்லைக் கொட்டினேன். மரக்காலில் நிரப்பித் தலைதட்டி, சாக்கில் கவிழ்த்துக்கொண்டே "லாபம்" என்றேன். களத்தில் முதல் மரக்காலுக்கு அதுதானே எண்ணிக்கை! இரண்டாவதை நிரப்பினேன். கவிழ்ப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது: "இரண்டு." குழறலாக வந்தாலும் தெளிவாகப் புரிந்தது. மூன்று, நான்கு என்று அவரே சொன்னார். என்னால் மரக்காலைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. முறத்து நெல் தீர்ந்ததும், சாக்கில் கொட்டியதையே திரும்ப அள்ளி அளந்தேன். பதினொன்று வரை வந்தார். மகள் அதைப் பதிவு செய்து உங்களுக்கு அனுப்பினாள். அன்று இரவு இரண்டு மணிக்கு டொராண்டோத் தோழியால் பேசவே முடியவில்லை. பள்ளிக்கூட வாசல் சத்தம் மட்டும் கேட்டது.

அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்தோம். மருத்துவர் சோதித்துப் பார்த்து மூக்குக் குழாயை எடுத்தார். தண்ணீர் புரையேறியது, கூழ்ப்பதத்தில் கேழ்வரகுக் கஞ்சி இறங்கியது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார் என்று விழுப்புரம் தங்கை சொல்லித்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பதிந்தேன். வந்த பெண் பொறுமையின் வடிவம். அவருக்கும் என் நன்றி. மகளுக்கு வேதியியலைப் போனிலேயே சொல்லிக்கொடுத்த கோயம்புத்தூர் டீச்சர் அக்காவுக்குத் தனியாகக் கடிதம் எழுதுவதாக அவளே சொல்லியிருக்கிறாள். நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டாள், நர்சிங் படிக்க விண்ணப்பித்திருக்கிறாள். மதுரை அக்கா, இது உங்களால்.

கடைசியாகச் சேலத்து அக்காவுக்கு. நான் கேட்காமலேயே பார்சல் சர்வீஸில் காற்று மெத்தையை அனுப்பிவைத்தீர்கள். கூடவே ஒரு துண்டுக் காகிதம்: "அப்பா இதில் பதினான்கு மாதம் படுத்திருந்தார். முதுகில் ஒரு புண் வரவில்லை." உங்கள் அப்பா காலமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அந்தப் பம்ப்பின் மெல்லிய உறுமல்தான் எங்கள் வீட்டின் இரவுச் சத்தமாக இருந்தது. எங்கள் அத்தைக்கும் அந்தச் சிவப்பு வட்டம் ஆறியதோடு சரி, புண் வரவில்லை.

இப்போது அத்தை தானே புரண்டு படுக்கிறார். மெத்தை வேண்டியதில்லை. டெட்டால் போட்டுத் துடைத்து, வெயிலில் படாமல் நிழலில் உலர்த்தி, பம்ப்பையும் குழாயையும் தனிப் பையில் கட்டி வைத்திருக்கிறேன். ஒரு குழாய் முனை தளர்ந்திருந்தது, மாற்றிவிட்டேன். நம்மில் யார் வீட்டுக்குத் தேவைப்பட்டாலும் முகவரி சொல்லுங்கள். கும்பகோணத்தில் மாலை ஆறு மணிக்குள் கொடுத்தால் அன்று இரவே பார்சல் ஏறிவிடும். இரண்டு மணிக்குக் கூப்பிட ஆள் வேண்டுமென்றால், அதற்கும் நான் இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கும்பகோணத்துச் சகோதரி