ஆண் பப்பாளிக்கு ஏழு மாசம் தண்ணி ஊத்தின கதை

டேய் மாப்ள,

உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடலன்னு கோவிச்சுக்காத. எழுத உக்காந்தா செடிக்குத் தண்ணி ஊத்தலையேன்னு ஞாபகம் வந்து எழுந்து போயிடறேன், போனா அங்கேயே ஒரு மணி நேரம் ஓடிடுது, இதான் இப்போ என் பொழப்பு.

முதல்ல உன் தக்காளி. அடிப்பக்கம் மட்டும் கருத்து, தோல் மாதிரி அமுங்கிப் போகுதுன்னு எழுதியிருந்தியே, அது பூச்சியும் இல்ல கிருமியும் இல்லடா, மருந்து எதையும் அடிச்சுத் தொலைக்காத. காய்க்குப் போய்ச் சேர வேண்டிய கால்சியம் போய்ச் சேரல, அவ்ளோதான். மண்ணுல சத்து இருந்தாலும் அது தண்ணியோடதான் மேல ஏறும், நீ என்னடான்னா ரெண்டு நாள் மறந்துட்டு மூணாவது நாள் செடியைக் குளிப்பாட்டி விடுற ஆளு, எனக்குத் தெரியாதா உன்னை. மண்ணு காயவும் விடாம சேறாகவும் விடாம ஒரே சீரா ஊத்து, மேல காஞ்ச சருகு போட்டு மூடி வை, கருத்த காயைப் பறிச்சு எறி, அடுத்து வர்றது பெரும்பாலும் நல்லா வரும். முட்டை ஓட்டைப் பொடிச்சுப் போடப் போறேன்னியே, போடு, தப்பில்ல. ஆனா அது மக்கி மண்ணுல கலக்க மாசக்கணக்குல ஆகும், இந்தத் தக்காளிக்கு அது வந்து சேராது.

இப்போ என் கூத்தைக் கேளு. போன வருஷம் சாப்பிட்ட பழத்துல இருந்து விதை எடுத்துப் போட்டு ஒரு பப்பாளி வளர்த்தேன்ல, ஏழு மாசம் புள்ள மாதிரி பார்த்தேன், சொன்னா நம்ப மாட்ட, மழை பெஞ்ச அன்னிக்கும் போய் ஒரு தடவை பார்த்துட்டுத்தான் வருவேன். ஒரு நாள் பார்த்தா நீள நீளக் காம்புல கொத்துக் கொத்தா பூ தொங்குது. சந்தோஷம் தாங்கல, சொந்தக்காரங்க குரூப்புல போட்டோவே போட்டுட்டேன். பெரியவர் ஒருத்தர் ஒரே வரியில "அது ஆண் மரம்பா"ன்னு பதில் போட்டுட்டார். பெண் பூன்னா தண்டை ஒட்டியே, அடியில தடியா உக்காந்திருக்குமாம். பூக்கிற வரைக்கும் எது என்னன்னு பார்த்து கண்டுபிடிக்கவும் முடியாதாம். இதை முன்னாடியே சொல்லக் கூடாதா இவங்க. வீட்டுல "சரி விடுங்க, நிழலாவது குடுக்குதே"ன்னு ஆறுதல் சொன்னாங்க, அதையும் அது ஒழுங்கா குடுக்கல.

பீர்க்கங்கொடி வேற கதை. ஒரு மாசமா பூவா பூத்துக் கொட்டுது, ஒரு பிஞ்சு இல்ல. சத்துதான் பத்தலன்னு நெனச்சு சாணி உரம், புண்ணாக்குத் தண்ணின்னு வாரத்துக்கு ரெண்டு தடவை ஊத்தினேன், இலை ஒவ்வொண்ணும் தட்டு சைஸுக்கு வந்துச்சு, காய் மட்டும் வரல. தழைச்சத்து ஏறிப் போனா கொடி இலையிலேயே குஷியா இருந்துடும்னு அப்புறம்தான் உறைச்சது. எல்லாத்தையும் நிறுத்தினேன். முதல்ல வர்றதெல்லாம் ஆண் பூவாத்தான் இருக்கும், அதுவும் எனக்குத் தெரியல, பெண் பூன்னா பூவுக்குக் கீழயே குட்டிப் பிஞ்சு ஒட்டிட்டு இருக்கும். பெண் பூ வந்த பிறகும் உதிருது, சரி நாமளே மகரந்தம் தொட்டு வைப்போம்னு தினமும் காலையில எட்டு மணிக்கு மேல போய் நிக்கறேன், பூவெல்லாம் வாடித் தொங்குது. பூசணி விடியக்காலம் பூக்கும், பீர்க்கு சாயங்காலம்தான் விரியும்! ஒரு வாரம் தப்பான ஷிஃப்ட்ல வேலை பார்த்திருக்கேன். அப்புறம் சாயங்காலமா போய் ஆண் பூவைப் பறிச்சு, இதழை உரிச்சுட்டு, நடுவுல இருக்கிற மஞ்சள் தூளைப் பெண் பூவுல தடவி விட்டேன். ஒன்பதுல அஞ்சு நின்னுச்சு. அதுல ஒண்ணை அணில் கடிச்சுட்டுப் போயிடுச்சு, மீதி நாலையும் நான் சைஸ் பார்த்து ரசிச்சுட்டே இருந்ததுல ஒண்ணு முத்தி நாராப் போச்சு. கணக்குப் பார்த்தா மூணு காய்.

உன் கொய்யாவை வெட்ட மனசு வரலன்னு எழுதியிருந்த. வெட்டுடா. அது புதுசா வர்ற தளிர்லதான் பூக்கும், காய்ப்பு முடிஞ்சதும் நுனியெல்லாம் கவாத்து பண்ணி விடு. எறும்பு வரிசையா ஏறுதுன்னா இலையைத் திருப்பிப் பாரு, மாவுப்பூச்சி வெள்ளையா ஒட்டிட்டு இருக்கும். கொஞ்சமா இருந்தா தண்ணியை வேகமா அடிச்சாலே போயிடும், ரொம்ப இருந்தாதான் வேப்பெண்ணெயில கொஞ்சம் சோப்பு கலந்து, சாயங்காலமா அடி, வெயில்ல அடிச்சா இலை கருகிடும், அதையும் நான் பண்ணிப் பார்த்தாச்சு.

பப்பாளியை இன்னும் வெட்டல. இந்தத் தடவை ஒரே குழியில மூணு நாத்து வச்சிருக்கேன், பூ பார்த்துட்டு ஒண்ணை விட்டுக்கலாம்னு பிளான். பொண்ணா வந்தா மகரந்தத்துக்குப் பக்கத்துல ஆள் வேணுமே, அதான் பழசை விட்டு வச்சிருக்கேன். மூணும் ஆணாப் போச்சுன்னா என்கிட்ட இருந்து லெட்டர் வராது, நீயே புரிஞ்சுக்கோ.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்ச் கூட்டாளி