கலங்கியதா என்று பார்த்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் ரத்தசோகைக்கான பரிசோதனை முகாம்கள் பற்றிய செய்தியைப் படித்தேன். இந்தியாவில் இந்தக் குறைபாடு முதன்முதலில் பதிவானதே 1952-இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான்.

முகாமில் முதலில் செய்வது, ரத்தத்தை ஒரு கரைசலில் கலந்து பார்க்கும் கரைதிறன் சோதனை. கரைசல் கலங்கினால், இந்நோய்க்குக் காரணமான 'எஸ்' வகை ஹீமோகுளோபின் (ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம்) இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை நோயாளியா, மரபணுவைச் சுமப்பவர் மட்டும்தானா என்பதை அது சொல்லாது. அதற்குத்தான் ஹெச்.பி.எல்.சி. கருவி. கொஞ்சம் ரத்தத்தை வைத்தால் ஒவ்வொரு ஹீமோகுளோபினையும் தானே பிரித்து, சில நிமிடங்களில் சதவீதத்தோடு வரைபடமாகத் தந்துவிடும். ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவு கூடியிருந்தால், பீட்டா தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவரையும் இதிலேயே பிடித்துவிடலாம்.

சரி, கருவி சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்துவிடலாமா? கூடாது. 'இ' என்ற இன்னொரு ஹீமோகுளோபின் வகையும் ஏ2-வும் இதில் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து விழும். பிரித்துப் பார்க்க, மின்சாரத்தைக் கொண்டு பிரிக்கும் கேப்பிலரி எலக்ட்ரோபோரசிஸ் சோதனை வேண்டும். இரும்புச்சத்து மிகவும் குறைந்தவர்களுக்கு ஏ2 இறங்கி, தலசீமியா மறைந்துபோகலாம். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் கணக்கு மாறிவிடும். இதையெல்லாம் கேட்க ஒரு கட்டம்கூட இல்லாத பரிசோதனைப் படிவங்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

மலைப்பகுதி அரசு மருத்துவமனைகளுக்கு இக்கருவிகளைக் கொடுங்கள். கூடவே, வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர்களையும் நியமியுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வக நுட்பநர், கோவை