லட்டுவைக் குளிப்பாட்டும் விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். போனில் பேசினால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் நாய் லட்டு ஓயாமல் சொறிந்துகொண்டே இருந்தான். வாராவாரம் குளிப்பாட்டுகிறேன் என்று பெருமையாகச் சொன்னாய். அதுதான் வினை. பொமரேனியனுக்கு மாதம் ஒரு தடவை போதும். தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசை போய்விட்டால் அரிக்கத்தான் செய்யும். உன் ஷாம்புவைப் போடாதே, குழந்தை ஷாம்புவும் வேண்டாம். நம் தோலின் பி.எச்., அதாவது புளிப்புத்தன்மையின் அளவு, 5.5 கிட்ட, நாய்க்கு 7ஐ ஒட்டி. மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நாய்க்கென்று விற்பதையே வாங்கு, அதையும் தண்ணீரில் கலக்கி ஊற்று.

நனைப்பதற்கு முன்னால் வாரு. மேல்முடியை மட்டும் வாரிவிட்டு விடாதே. அடியில் பஞ்சு மாதிரி இருக்கிறதே, அதுவரை சீப்பு போக வேண்டும். காதுக்குப் பின்னால், கக்கத்தில் சிக்கு விழுந்திருக்கும். சிக்கோடு நனைத்தால் இறுகிவிடும், அப்புறம் கத்திரிதான். வெதுவெதுப்பான தண்ணீர். காதுக்குள் போகக் கூடாது. நுரை போன பிறகும் கொஞ்ச நேரம் அலசு.

இதற்கெல்லாம் ரெண்டு ஆள் வேண்டும், ஒருவர் பிடிக்க, ஒருவர் ஊற்ற. மாப்பிள்ளைதானே பிடித்துக்கொள்கிறார்? வீடியோவில் பின்னால் கொடி தெரிந்தது. உன் துணி மட்டும்தான் கிடந்தது. டூர் போயிருப்பார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

உலர்த்துவதுதான் பெரிய வேலை. திண்டுக்கல் வெயில் அங்கே ஏது? பெங்களூர் தூறலில் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், அடிமுடி ஈரமாகவே நிற்கும். அதில்தான் பூஞ்சையும் புண்ணும். துண்டால் ஒற்றி எடு, தேய்க்காதே. டிரையரைக் குறைந்த சூட்டில் வை, உன் கையில் சூடு பார்த்துக்கொண்டே காட்டு. சலித்துப்போய் மொட்டை அடித்துவிடாதே. சில பொமரேனியனுக்கு முடி சரியாகத் திரும்பி வருவதில்லை, சித்தி வீட்டு ராணி கதை உனக்கே தெரியும். கழுத்தில் விடும் உண்ணி மருந்து போட்டால் முன்னும் பின்னும் ரெண்டு நாள் குளியல் கிடையாது. சிவந்திருந்தாலோ வாடை அடித்தாலோ டாக்டரிடம் காட்டு, நீயாக எதையும் தடவாதே.

நீ தனியாகவே சமாளிப்பாய். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சாக்கடையில் விழுந்த குட்டியை இறங்கித் தூக்கியவள்தானே. தெருவே மெச்சியது. ஆனால் கை கிழிந்ததைச் சொன்னாயா? மறுநாள் நீ சாதம் பிசையும்போதுதான் பார்த்தேன். இப்பவும் அப்படித்தான் இருக்கிறாய்.

அடுத்த குளியல் என்றைக்கு என்று சொல். மைசூர் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் வந்துவிடுவேன். அப்பாவிடம் நாயைக் குளிப்பாட்டப் போகிறேன் என்றே சொல்லிக்கொள்கிறேன். அதுவரை வாரிக்கொண்டு மட்டும் இரு. அடிமுடிவரை.

அம்மா